கால்நடையாய் சாவோ பாவுலோ

ஜாவூவிலிருந்து நாலரை மணி நேரம்.
பயணியாய் உட்கார்ந்து வந்தும்
ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.
பதினாறு வருடமாய் டவுன் பஸ் ஓட்டுகிறவள் நான்.
பக்கத்து இருக்கைக்காரர் முழங்காலைத் தேய்த்தபடி
கேட்டார், கனவில் யாரையாவது துரத்துகிறீர்களா என்று.

பாரா ஃபுண்டாவில் இறங்கியதும்
டாக்சிக்காரர்கள் மொய்த்தார்கள்.
நடக்கப் போகிறேன் என்றேன்.
எங்கே என்றார்கள்.
தெரியாது என்றதும் சட்டென்று வழிவிட்டார்கள்,
ஸ்ட்ரெச்சர் வந்தால் விடுவதுபோல.

முதல் ஒரு மணி நேரம்
நான் நடக்கவில்லை, ஓட்டினேன்.
மூலையில் திரும்புமுன் கண்ணாடியைத் தேடினேன்.
நிறுத்தத்தில் நின்றவர்களைத் தாண்டும்போது
ஏற்றாமல் போகிறோமே என்று
அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு.
ஒரு கிழவர் கையைக்கூடக் காட்டினார்.
எனக்குப் பின்னால் வந்த 875க்குத்தான்.

தூறல். நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை.
நடைபாதை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்,
ஒரே கோணல் வடிவம், தெருத் தெருவாய்.
பேக்கரி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:
மாநிலத்தின் வரைபடம்.
அப்படியா? ஜாவூ எங்கே இதில்?
துடைப்பக் கட்டையால் ஒரு முனையைத் தட்டினாள்.
இங்கேதான் எங்கேயாவது, என்று சொல்லிவிட்டு
எங்கள் ஊர்மேல் இருந்த சிகரெட் துண்டையும் நுரையையும்
சாக்கடைக்குத் தள்ளினாள்.

ரெபுப்ளிக்கா சதுக்கத்தில்
இடது ஷூ வாயைப் பிளந்தது.
பெண்கள் ஷூவுக்குப் பேர்போன ஊர்க்காரி!
போன் உறை விற்ற ஹெய்ட்டிக்காரர், பெயர் வில்னெர்,
முக்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னார்.
பார்சல் டேப்பால் மூன்று சுற்று, பல்லால் கடித்து ஒரு அறுப்பு.
சும்மா நடக்கவென்றே வந்தேன் என்று
பெருமையாய் ஆரம்பித்தேன்.
நானும் நடந்திருக்கிறேன், என்றார்,
வந்த புதிதில் ஏழு மாதம்,
பஸ்சுக்குக் காசில்லாமல்.
மலைமேட்டுத் தெருக்களின் பெயர்களை
முழங்கால்தான் எனக்குச் சொல்லித்தந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.
ஷூ ஏற்கெனவே மூடியிருந்தது.

ஞாயிறு.
வீடுகளை உரசிக்கொண்டு போகும் மேம்பாலம்,
வார இறுதியில் கார்களுக்கு இல்லை.
நடுக்கோட்டின்மேல் நடந்தேன்,
யாரும் அபராதம் போடவில்லை.
மூன்றாம் மாடிகள் எல்லாம் முகத்துக்கு நேரே:
காயப்போட்ட உள்பாவாடை, டீவி வெளிச்சம்,
கூண்டில்லாமல் உலாவும் கிளி,
சண்டைக்கு நடுவே சாலட் வெட்டும் தம்பதி.
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்
இதெல்லாம் வெறும் சுவர்.

ஒரு ஜன்னலில் பனியனோடு ஒருவர்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
சத்தம் தாங்குமா, என்று கைப்பிடிச் சுவரிலிருந்து கேட்டேன்.
சத்தம் பழகிவிடும், என்றார்.
ஞாயிறு ராத்திரிதான் மோசம்.
விடிந்தால் வந்துவிடுமே என்று
காது விழித்துக்கொண்டே கிடக்கும்.
ஒரு சுளையை எறிந்தார். தவறவிட்டேன்.
இன்னொன்று எறிந்தார்.
என்ன வேலை என்று அவர் கேட்டபோது
தையல், என்று சொல்லிவிட்டேன்.

இப்போது திரும்பும் பஸ்.
ஓட்டுநர் சின்னப் பையன், பிரேக் கொஞ்சம் முரடு.
பாதங்கள் இரண்டும் இட்லிபோல் உப்பிக் கிடக்கின்றன.
நாளை ஐந்து பத்துக்கு முதல் டிரிப்.
ஹாரனில் கை வைக்கும்போது
யார் வீட்டு ஜன்னல் என்று
அண்ணாந்து பார்ப்பேனா? சொல்ல முடியாது.
பார்த்தாலும் அழுத்தத்தான் வேண்டியிருக்கும்.

வேறு ஷூ இல்லை.
டேப் சுற்றிய இதையேதான் போட்டுப் போகவேண்டும்.
கிளட்சில் வழுக்குமா,
தெரியவில்லை.